வெட்டினதும் அளக்காதே

அறுபது வளையங்களைக் கெடுக்க எனக்கு மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. நான்கு மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று மச்சினனிடம் சவால் விட்டிருந்தேன். அந்த வகையில் நான் சொன்ன சொல் தவறாதவன்.

கெடுத்தது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கடைசி வளையத்தை லேத்திலிருந்து கழற்றி, கையோடு அளந்து, அறுபத்தெட்டு மில்லிமீட்டர், இம்மி பிசகில்லை என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கை கழுவப் போனேன். அந்தப் பிற்பகலில் என்னைப் போலச் சந்தோஷமான முட்டாள் பட்டறையில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவி தன் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். அவள் கூப்பிடுவதில் இரண்டு வகை உண்டு. வெறும் "என்னங்க" என்றால் டீ வந்திருக்கிறது. "இங்க கொஞ்சம் வாங்க" என்றால் நான் ஏதோ செய்திருக்கிறேன்.

"இங்க கொஞ்சம் வாங்க."

அவள் அறை அளவு பார்க்கும் அறை. பத்துக்குப் பத்து. கண்ணாடி வைத்த கதவு, நடுவில் கறுப்புக் கல் மேசை, சுவரில் ஒரு வெப்பமானி. வெயிலானாலும் மழையானாலும் உள்ளே இருபத்து மூன்று டிகிரிதான். மேசையின் வலப்பக்கம் பச்சைத் தட்டு, இடப்பக்கம் சிவப்புத் தட்டு. தேறியது பச்சைக்குப் போகும், தேறாதது சிவப்புக்கு. பச்சைத் தட்டு கழுவிக் கவிழ்த்தது போலக் காலியாக இருந்தது.

"ஒண்ணுகூடவா தேறலை?" என்றேன்.

"ஒண்ணுகூடத் தேறாம செய்யறதுக்கும் ஒரு திறமை வேணும். எல்லாமே பாயின்ட் ஒன் செவன் கம்மி."

"எல்லாமே ஒரே அளவு கம்மின்னா, பாரேன், என் கை எவ்வளவு சீரா இருக்குன்னு."

அவள் சிரிக்கவில்லை. "நேத்து எப்ப அளந்தீங்க?"

பதில் என் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு வெளியே, பட்டறைச் சுவரில் முழ உயர எழுத்தில் சிவப்பு பெயின்டில் இருந்தது: வெட்டினதும் அளக்காதே. தூங்கி எழுந்த பிறகு அள. அதை எழுதியவன் நான். 'அளக்காதே'யில் கொம்பு கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று மறுபடி ஏணி போட்டு ஏறித் திருத்தியவனும் நான்தான்.

நாங்கள் செய்வது டெஃப்லான் சாமான். வழவழவென்று மெழுகு போல இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக். தடி தடியாக வரும், அதை லேத்தில் கடைந்து வால்வுக்கும் பம்புக்கும் வளையம் எடுக்கிறோம். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு கெட்டிக்காரப் பொருள். இரும்பைத் தின்னும் அமிலத்தை இதன்மேல் ஊற்றினால், வேண்டாத விருந்தாளி போலச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த வழியே போய்விடும். இருநூற்றைம்பது டிகிரி சூட்டிலும் உருகாது. எதுவும் இதில் ஒட்டாது. பட்டறைச் சுவரில் திரியும் பல்லி ஒன்று, சாய்த்து வைத்திருந்த டெஃப்லான் பலகையில் ஏறப் பார்த்துச் சர்ரென்று வழுக்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விழுந்த பல்லி யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வேறு பக்கம் போயிற்று. அன்றிலிருந்து அதன்மேல் எனக்கு உடன்பிறந்த பாசம்.

அமிலத்துக்கு அசையாத இந்த வீரனுக்குச் சூடு என்றால் மட்டும் ஆகாது. உருகாதே தவிர வீங்கும், இரும்பைப் போலப் பத்து மடங்கு. வெட்டும்போது ஏறிய சூடு முழுக்க இறங்கி, ஒரு ராத்திரி சும்மா கிடந்த பிறகுதான் தன் உண்மையான அளவுக்கு வரும். நான் மேல்கூரைத் தகரம் கொதிக்கிற மத்தியானத்தில் சுடச்சுட வெட்டி, சுடச்சுட அளந்திருந்தேன். அளந்தது வளையத்தை அல்ல, அதன் வீக்கத்தை. ராத்திரியோடு வீக்கம் வடிந்தது. இரண்டு தலைமயிர்க் கனம்தான் குறைச்சல், ஆனால் அந்த இடுக்கு போதும், அமிலம் எட்டிப் பார்ப்பதற்கு.

இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்ப்பவன் இதைச் செய்யலாமா என்றால், செய்யக்கூடாது. செய்ததற்குக் காரணம் ஒரு குழி.

என் லேத்துக்குப் பக்கத்தில், பத்தடிக்கு ஆறடி, நான்கு மாதமாக அது இருக்கிறது. முதலில் வெட்டினார்கள், பிறகு கான்கிரீட் போட்டார்கள், பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். நான்கு மூலையிலும் போல்ட்டுகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கம்ப்யூட்டரில் ஓடும் புது லேத் அங்கே உட்காரப் போகிறது. பட்டறை மச்சினன் பெயரில், அளவு என் மனைவி பொறுப்பில், லேத் என் கையில் என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. மச்சினன் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த புது வரைபடத்தில் குழி இருந்தது, அளவு அறை இருந்தது, ரம்பம் இருந்தது, கக்கூஸ்கூட இருந்தது. என் லேத் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள்தான் இருந்தது.

நான் கேட்காமல் இல்லை. மச்சினனிடம், "என்ன மாப்ளே, குழி ரெடி. உள்ள போகப் போறது லேத்தா, நானா?" என்று கேட்டேன்.

"போங்க அத்தான், உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மனைவியிடம், "உன் தம்பி புது மாப்பிள்ளை கொண்டு வர்றானாமே, பழைய மாப்பிள்ளையை எந்தக் கடையில எடைக்குப் போடறதா உத்தேசம்?" என்றேன்.

"உங்களை எடைக்குப் போட்டா வாய்க்கு மட்டும்தான் வெயிட் நிக்கும்" என்றாள்.

தடிகளைத் துண்டு போடும் ரம்பக்காரரிடமும் கேட்டேன். அவர் எதற்கும் "ம்" என்று மட்டும் சொல்பவர். இந்தப் பட்டறையில் ரம்பத்தை ஓட்டுவது அவர், ரம்பம் போடுவது நான். "அண்ணே, என்னைத் துண்டு போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

இப்படியிருக்க, புது மெஷின் விற்பவர் போன வாரம் வந்து, வால்வு வளையம் அறுபதையும் ஐந்து மணி நேரத்தில் எடுத்துவிடும் என்று சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் நாலு மணியில எடுப்பேன்" என்றேன். அதன் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை.

மச்சினன் வந்து சிவப்புத் தட்டைப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகப் பேசினான்.

"அத்தான், வியாழக்கிழமை காலைல பம்ப் கம்பெனி இன்ஜினியர் வர்றார். அமிலத் தொழிற்சாலைல பிளான்ட்டை நிறுத்தி வச்சுட்டு இந்த வளையத்துக்காகத்தான் உக்காந்திருக்காங்க. என் ஃபிரண்டுகிட்ட கம்ப்யூட்டர் லேத் இருக்கு. மிச்சத் தடியை அவன்கிட்ட அனுப்பிடறேன்."

தடி வெளியே போனால் பின்னாலேயே என் லேத்தும் போகும், லேத்துக்குப் பின்னால் நானும் போவேன். வீட்டில் உட்கார்ந்து மனைவிக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் என் எதிர்காலம் ஒரு நிமிடம் கண்முன் வந்து போயிற்று. எனக்குச் சோறு பொங்கவும் தெரியாது.

"ரெண்டு நாள் இருக்கு மாப்ளே. இன்னிக்குக் கனமா வெட்டி வச்சிடறேன், ராத்திரி தூங்கட்டும். நாளைக்குக் கடைசி வெட்டு, மறுபடி தூங்கட்டும். வியாழக்கிழமை காலைல சரியா வரும்."

"உங்க சவாலெல்லாம் போதும் அத்தான்."

"இது சவால் இல்ல."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"வாட்சைக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். மேசை இழுப்பறையில், அவள் அளக்கும் மைக்ரோமீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். "அவரே செய்யட்டும்டா" என்றாள் தம்பியிடம்.

ரம்பக்காரர் மிச்சத் தடியை எண்ணித் துண்டு போட்டார். அறுபத்திரண்டு வந்தது. உபரி இரண்டே இரண்டு. "போதுமாண்ணே?" என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்'மில் கொஞ்சம் கவலை இருந்தது போலத் தோன்றியது.

தற்பெருமை எனக்குப் புதிதல்ல, ஆனால் இதைத் தற்பெருமை இல்லாமலே சொல்லலாம்: அந்த இரண்டு நாளும் நான் நன்றாக வேலை செய்தேன். வெட்டும் முனையைக் கல்லில் தீட்டினேன், முழங்கை மயிரைத் தொட்டால் சிரைக்கும்வரை. டெஃப்லானுக்கு மழுங்கின கருவி ஆகாது. மழுங்கினது வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூடென்றால் மறுபடி வீக்கம். வளையத்தைப் பிடிக்கும் லேத்தின் தாடைகளையும் இறுக்கவில்லை. மிருதுவான பொருள் இது, அழுத்தினால் முறுக்கிக்கொள்ளாது, மெல்ல நகர்ந்து கொடுக்கும். விட்டதும் வட்டம் வட்டமாக இருக்காது. குழந்தையின் மணிக்கட்டைப் பிடிப்பது போலப் பிடித்தேன். வெள்ளை நாடா சுருள் சுருளாக, அறுந்துபோகாமல், சத்தமே இல்லாமல் கழன்று வந்து காலடியில் குவிந்தது. அரை மில்லி கூடுதலாக வைத்து எல்லாவற்றையும் கனமாக வெட்டி, மாலையில் பெட்டியோடு அவள் அறையில் கொண்டுபோய்த் தூங்க வைத்தேன்.

புதன்கிழமை கடைசி வெட்டு. காற்றுக் குழாயால் ஊதி ஊதிச் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டேன். அளக்கவே இல்லை. கைப்பிடிச் சக்கரத்தின் கோடுகளை மட்டும் நம்பினேன். சமைப்பவனை உப்புப் பார்க்காதே என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பழக்கத்தில் இரண்டு தரம் மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தேன். வாட்ச் இருந்த இடத்தில் வெளுத்த தோல் வட்டம்தான் இருந்தது. மணி தெரியாதவனுக்கு அவசரப்படத் தெரிவதில்லை. இதை அவள் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறாள்.

முப்பத்தெட்டாவது வளையத்தில் நாடா சுற்றிக்கொண்டு வளையத்தையே இழுத்துக் கடித்துவிட்டது. உபரியில் ஒன்று போயிற்று. லேத்தை நிறுத்தி, கையைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு முப்பத்தொன்பதாவதை எடுத்தேன். முன்பெல்லாம் இந்த மாதிரி சமயத்தில் ஒரு சிகரெட். இந்தத் தூள் ஒட்டிய விரலால் சிகரெட்டைத் தொட்டுப் பற்றவைத்தால், அந்த நெருப்பில் தூள் கருகி வரும் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளிவிடும். ஒருமுறை தள்ளியது. கம்பளிக்குள் இரண்டு நாள் நடுங்கிக் கிடந்து எழுந்த பிறகு சிகரெட்டை விட்டேன். என்னைத் திருத்திய ஒரே பிளாஸ்டிக் இது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் அளக்க உட்கார்ந்தாள். நான் கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். டெஃப்லானை அளப்பது வேறு கை. மைக்ரோமீட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், நமக்குப் பிடித்த அளவை அதுவே சொல்லிவிடும். அவள் தொட்டதும் நிறுத்துவாள். டிக், டிக் என்ற ஓசை மட்டும் கேட்கும். பிறகு கை வலப்பக்கம் போகும், அல்லது இடப்பக்கம்.

வலம், வலம், வலம். பத்து தாண்டியது. ரம்பக்காரர் எதற்கோ வருவது போல வந்து என் பக்கத்தில் நின்றார். நாற்பதாவதில் இடப்பக்கம் போயிற்று. இருந்த ஒரு உபரியும் தீர்ந்தது. மறுபடி வலம், வலம். கடைசி வளையத்தை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"அறுபது" என்றாள் கதவைத் திறந்து. "ஒண்ணு மட்டும்தான், பாயின்ட் ஜீரோ ஆறு கூட."

ரம்பக்காரர், "சபாஷ்" என்றார். நானும் என் மனைவியும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். வளையத்துக்காக அல்ல, அவர் பேசிவிட்டாரே என்றுதான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மச்சினனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிற இன்ஜினியர் தூசிப் பட்டறையில் நிற்க வேண்டாமே என்று பச்சைத் தட்டைத் தூக்கித் தன் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்து, ஏசியையும் போட்டான். இன்ஜினியர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். ஐம்பது வயதுக்காரர், சொந்த மைக்ரோமீட்டரைப் பெட்டியோடு கையில் கொண்டுவரும் ஆள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "அத்தான்!" என்று குரல் வந்தது. அந்தக் குரலில் தண்ணீரில் மூழ்குபவன் இருந்தான்.

போனேன். இன்ஜினியர் மூன்று வளையங்களைத் தனியே வைத்திருந்தார். "மூணுமே பாயின்ட் டூவுக்கு மேல கம்மி" என்றார். "என்ன சார் இது?"

மச்சினன் முகம் டெஃப்லான் நிறத்தில் இருந்தது. எனக்கோ உள்ளே நுழைந்ததுமே பிடரி சிலிர்த்தது, பயத்தால் அல்ல. ஏசியைப் பார்த்தேன். பதினாறு. ஒரு வளையத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பானைத் தண்ணீர் போல ஜில்லென்றிருந்தது.

டெஃப்லானுக்குப் பத்தொன்பது டிகிரியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மற்ற சாமான்கள் குளிரக் குளிரச் சரிவில் இறங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். இதுவும் அப்படித்தான் இறங்கி வரும், பத்தொன்பது வந்ததும் தடாலென்று ஒரு படி குதித்துவிடும். உள்ளே அணுக்களின் அடுக்கே மாறிவிடுகிறதாம், என் மகள் படித்துச் சொன்னாள். மேலே ஏறினால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். புத்தகத்தில் இருக்கிறது. மச்சினனும் ஒரு காலத்தில் படித்திருப்பான்.

நாக்கு நுனியில் நாலு கிண்டல் வந்து வரிசையில் நின்றன. 'மாப்ளே, உன் கம்ப்யூட்டருக்கு இது தெரியுமா?' என்பது முதல் இடத்தில். நான்கு மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த சந்தர்ப்பம். ஆனால் அவன் கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். அவனைப் பத்து வயசில், அக்கா கல்யாணத்தில், பெரிய சட்டைக்குள் தொலைந்துபோன பையனாகப் பார்த்தவன் நான்.

"மன்னிக்கணும் சார்" என்றேன். "தட்டைக் குளிர்ல வச்சது என் தப்பு. இந்த ரூம் பதினாறுல இருக்கு. பத்தொன்பதுக்குக் கீழ போயிடுச்சு."

இன்ஜினியர் ஏசியைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட! நானும் உள்ள வந்ததும் கோட்டு போடணும்னுதான் நினைச்சேன், இது தோணலை பாருங்க. இதே தப்பைப் பண்ணி ஒரு தடவை நல்ல சரக்கையே திருப்பி அனுப்பியிருக்கேன்."

"டீ சாப்பிடுங்க சார். மத்தியானம் வரைக்கும் இருபத்து மூணு டிகிரில கிடக்கட்டும். உங்க மைக்ரோமீட்டரையும் பக்கத்துலயே வைங்க, அதுவும் குளிர்ந்திருக்கும்."

இரண்டு மணிக்கு அவர் அறுபதையும் அளந்தார். அறுபதும் வலப்பக்கம் போயின. கையெழுத்துப் போட்டு, பெட்டியை மூடிக்கொண்டு, வளையங்களோடு புறப்பட்டார்.

மச்சினன் என் லேத்தருகே வந்து, குழியின் சாக்கைக் காலால் நிமிண்டிக்கொண்டு நின்றான்.

"அத்தான், தட்டை வச்சது நான்தானே."

"யார் வச்சா என்ன. அளவு வந்துடுச்சு இல்ல?"

அவன் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

நான் அளவு அறைக்குப் போனேன். அவள் மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நல்ல கிண்டல் ஒன்றை யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். கதவைச் சாத்தியதும் அதை விட்டுவிட்டேன்.

"புது மெஷின் வந்தா என் லேத் என்ன ஆகும்? நான் என்ன ஆவேன்?"

அவள் கை நின்றது. "இதை ஏன் நாலு மாசமா கேக்கலை?"

"நாலு மாசமா இதைத்தானே கேட்டுட்டிருக்கேன்."

"கேக்கலை. வேடிக்கை காட்டினீங்க. நாங்களும் சிரிச்சுட்டுப் போனோம். கவலையே இல்லாத மனுஷன்னு நினைச்சேன்."

"இருக்கு."

இழுப்பறையைத் திறந்து வாட்சை எடுத்தாள். என் மணிக்கட்டை இழுத்து, வெளுத்த வட்டத்தின் மேல் வைத்து, அழுத்தாமல் கட்டினாள்.

"லேத் போகுது. அடுத்த மாசம் வண்டி வந்து ஏத்திடும், அதுல மாத்தமில்லை. நீங்க போகலை. அந்த மெஷின் முன்னாடி நிக்கப் போறது நீங்கதான். முந்தாநாள் என் தம்பிக்கு அதுல சந்தேகம் வந்துச்சு, இன்னிக்குப் போயிடுச்சு. எனக்கு எப்பவும் வரலை. ஆனா அளக்கறது நான்தான்."